பின்படிக்கட்டுக் கதவும் பையரின் பொறுப்பும்

கேள்வி: ஐயா, லைங்தாயா தொழிற்பேட்டையில் ஓர் ஆடை ஏற்றுமதி ஆலையில் தையல் லைன் சூப்பர்வைசராக வேலை பார்க்கிறேன். எங்கள் தையல் கூடம் மூன்றாவது மாடியில் இருக்கிறது. துணி திருட்டுப் போகிறது என்று சொல்லி, மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு பின்படிக்கட்டுக் கதவைப் பூட்டிவிடுகிறார்கள். சாவி செக்யூரிட்டியிடம் இருக்கிறது. அடுத்த மாதம் பையரின், அதாவது எங்களிடம் ஆடை வாங்கும் நிறுவனத்தின், ஆடிட் வருகிறது. நடக்காத தீயணைப்புப் பயிற்சி நடந்ததாகப் பதிவேட்டில் என்னைக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். நாங்கள் தைப்பது ஐரோப்பாவில் பெயர்பெற்ற ஒரு பிராண்டுக்கு. அவ்வளவு தூரத்தில் இருப்பவர்கள் எங்கள் கதவுக்குப் பொறுப்பாக முடியுமா? அவர்களிடம் சொன்னால் ஆர்டரை நிறுத்திவிட்டுப் போய்விடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது. என் சித்தி மகளும் என் லைனில்தான் இருக்கிறாள். நான் என்ன செய்ய வேண்டும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ரங்கூன்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இருக்கும் கேள்விகளில் நாள் தள்ளக் கூடாதது கையெழுத்தைப் பற்றியது என்பதால், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நடக்காத பயிற்சிக்கு நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள். விபத்து என்று ஒன்று நேர்ந்துவிட்டால், விசாரணைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்டு வாங்குவது அந்தப் பதிவேட்டைத்தான். "பயிற்சி கொடுத்திருந்தோம், சூப்பர்வைசரே கையெழுத்திட்டிருக்கிறார், தொழிலாளர்கள்தாம் பதற்றத்தில் ஒழுங்கு தவறிவிட்டார்கள்" என்று நிர்வாகம் சொல்லும். அந்த ஏட்டைக் காட்டியே பிராண்டும் ஒதுங்கிக்கொள்ளும். இருவருடைய பொறுப்பும் உங்கள் தலையில் வந்து விழுவதற்கு அந்த ஒரு கையெழுத்துப் போதும்.

மறுப்பதற்காக நீங்கள் யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை. "ஆடிட்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது, பயிற்சியை நடத்திவிடலாம், நடத்திய தேதியிலேயே கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்லுங்கள். உண்மையான பயிற்சிக்கு அரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்காது. மணி அடித்ததும் மெஷின் சுவிட்சை அணைத்துவிட்டு, எந்த லைன் எந்தப் படிக்கட்டில் இறங்க வேண்டும் என்று முன்பே வகுத்தபடி எல்லோரும் இறங்கி, கீழே கூடும் இடத்தில் ஒவ்வொரு சூப்பர்வைசரும் தன் லைனின் வருகைப் பட்டியலை வைத்துத் தலை எண்ணி, கடைசி ஆள் வெளியே வந்த நேரத்தைக் குறித்துக்கொண்டால் அது பயிற்சி. இதைப் பின்படிக்கட்டு இல்லாமல் நடத்த முடியாது என்பதைக் கவனியுங்கள். ஆகவே, பயிற்சியை உண்மையாகவே நடத்துவோம் என்று கேட்பதே, கதவைத் திறந்து வையுங்கள் என்று கேட்பதற்கு வலுவான தொடக்கம்.

இனிக் கதவுக்கு வருகிறேன். தையல் கூடத்தில் பிடிக்கும் தீ எப்படிப் பரவும் என்பதை உங்கள் நிர்வாகத்தில் யாரும் நின்று யோசித்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகமே. மேசைக்கடியில் கிடக்கும் வெட்டுத் துண்டுகள், பாலியஸ்டர் நூல், பேக்கிங் பக்கத்தில் அடுக்கிய அட்டைப்பெட்டிகள், பாலிதீன் பைகள் எல்லாம் சேர்ந்து எரியும்போது சில நிமிடங்களிலேயே கூரையை ஒட்டிக் கரும்புகை திரண்டு கீழிறங்கத் தொடங்கிவிடும். ஆடை ஆலைத் தீயில் பலரைக் கொல்வது நெருப்பைவிடப் புகைதான். அந்த வேளையில் மனிதர்கள் காலையில் ஏறி வந்த படிக்கட்டை நோக்கியே ஓடுவார்கள்; அதுவே நெரிசலில் அடைபடும். நம் ஊரில் இன்னொரு கேடும் உண்டு. மின்வெட்டு ஓயாததால் ஜெனரேட்டர் இல்லாத ஆலை கிடையாது. அந்த ஜெனரேட்டரையும் டீசல் டிரம்களையும் தரைத்தளத்தில், முன்படிக்கட்டின் அடிவாரத்திலேயே வைத்திருக்கும் ஆலைகளை நான் பார்த்திருக்கிறேன். அங்கே தீப்பிடித்தால் முன்படிக்கட்டு அப்படியே புகைபோக்கியாகிவிடும். பின்படிக்கட்டு ஒன்றுதான் வழி, அதன் சாவியோ செக்யூரிட்டியிடம். அவர் அந்த நேரத்தில் கீழே கேட்டில் கண்டெய்னர் லாரிக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கலாம், அல்லது அவரே புகைக்கு அந்தப்புறம் மாட்டிக்கொண்டிருக்கலாம்.

இதைக் கற்பனையாகச் சொல்லவில்லை. 2012 நவம்பர் 24 அன்று வங்காளதேசத்தின் ஆஷுலியாவில் தஸ்ரீன் ஃபேஷன்ஸ் ஆலை எரிந்தபோது தீ தொடங்கியது நூலும் துணியும் குவித்து வைத்திருந்த தரைத்தளத்தில். படிக்கட்டுகள் இறங்கியதும் அந்தத் தளத்துக்கே. அபாய மணி அடித்த பின்பும் மேலாளர்கள் தொழிலாளர்களை மெஷினுக்குத் திரும்பச் சொன்னார்கள் என்று உயிர்தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். குறைந்தது 112 பேர் இறந்தார்கள்.

பர்மியச் சட்டம் இந்த விஷயத்தில் மழுப்பவே இல்லை. 1951ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டப்படி, அறைக்குள் ஆள் இருக்கும்வரை வெளியேறும் கதவை உள்ளிருந்து உடனே திறக்க முடியாதபடி பூட்டவோ தாழிடவோ கூடாது. 2019இல் தொழில்சார் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்கும் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. எனவே முதல் பொறுப்பு ஆலை உரிமையாளருடையது. அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. ஆனால் முதல் பொறுப்பு அவருடையது என்பதால் மற்றவர்களுக்குப் பொறுப்பு இல்லை என்று ஆகிவிடாது. பல பிராண்டுகள் தம் அறிக்கைகளில் இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்திருக்கிறேன்.

உங்கள் கதவு யாருக்காகப் பூட்டப்படுகிறது என்று கேட்டுப் பாருங்கள். ரங்கூனின் ஆடை ஆலைகளில் பெரும்பாலானவை சி.எம்.பி. முறையில் இயங்குகின்றன என்பது உங்களுக்குத் தெரியும். துணி, நூல், பட்டன், ஜிப், லேபிள், கடைசியில் பெட்டிமேல் ஒட்டும் ஸ்டிக்கர்வரை பையரோ அவருடைய ஏஜென்ட்டோ வெளிநாட்டிலிருந்து அனுப்பிவைக்கிறார். வெட்டி, தைத்து, பேக் செய்து கொடுக்கும் கூலி மட்டுமே ஆலையுடையது. அப்படியானால் திருட்டுப் போகக் கூடாது என்று காக்கப்படும் துணி பெரும்பாலும் ஆலையின் சொத்தே அல்ல, பையரின் சரக்கு. துணி குறைந்தால் பையர் ஆலையின் கூலியில் பிடித்துக்கொள்வார். அந்தப் பிடித்தத்துக்குப் பயந்து ஆலை கதவைப் பூட்டுகிறது. தன் சரக்குக்காகப் போட்ட பூட்டு ஒரு மனிதரின் உயிர்வழியை அடைக்கும்போது, அந்தச் சரக்கின் சொந்தக்காரர் பல ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பது அவரை விடுவிக்காது. அனுப்பிய துணியில் எத்தனை மீட்டர் குறைகிறது என்று அங்கிருந்தே கணக்குக் கேட்கத் தெரிந்தவர்களுக்கு, அதே அலுவலகத்திலிருந்து கதவைப் பற்றியும் கேட்க முடியும்.

விலையும் இதே போல்தான். தீத்தடுப்புக் கதவு, வெளிப்புறப் படிக்கட்டு, மின்சார வயரிங்கை மாற்றுவது, நீர்த்தெளிப்பான் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். அது அந்தத் தையல் கூலியிலிருந்துதான் வர வேண்டும். ஒரு சட்டைக்கு இத்தனை சென்ட் என்று கூலி பேசும்போது, அதில் படிக்கட்டுக்கு எவ்வளவு என்று எந்த மெர்ச்சண்டைசரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கப்பல் தேதி நெருங்கிய பிறகு டிசைனை மாற்றிவிட்டு, தேதியை மட்டும் மாற்றாமல் வைத்தால் ஓ.டி. என்கிற கூடுதல் நேர வேலை நீளும், நடைபாதையில் சரக்கு குவியும், பாதையைக் குறிக்கும் மஞ்சள் கோட்டுக்கு உள்ளே அட்டைப்பெட்டி ஏறும், தீயணைப்பான் உருளை அதன் பின்னால் மறைந்துபோகும். விலையையும் தேதியையும் முடிவு செய்பவர் பாதுகாப்பையும் பாதி முடிவு செய்துவிடுகிறார். உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: ஆம், அவர்கள் பொறுப்பானவர்களே. நற்பெயரைக் காக்கவோ கருணை காட்டவோ ஏற்கும் பொறுப்பு அல்ல அது. அவர்களுடைய முடிவுகள் உங்கள் மாடியில் என்ன செய்கின்றனவோ அதிலிருந்து எழும் பொறுப்பு.

"ஆடிட் செய்கிறோமே" என்று அவர்கள் சொல்வார்கள். ஆடிட் பயனற்றது என்று நான் சொல்லவில்லை, ஆனால் அதன் எல்லையை இரண்டு ஊர்கள் நமக்குக் காட்டிவிட்டன. கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆலைக்கு, தீ விபத்துக்கு ஏறத்தாழ மூன்று வாரம் முன்புதான் எஸ்.ஏ. 8000 என்ற சர்வதேசத் தரச்சான்று கிடைத்திருந்தது. 2012 செப்டம்பர் 11 அன்று அங்கே 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தீ வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்று பின்னர் 2020இல் பாகிஸ்தான் நீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மைதான். ஆனால் தீயை யார் வைத்தாலும், இத்தனை பேர் வெளியே வர முடியாமல் போனதற்குக் காரணம் கம்பி போட்ட ஜன்னல்களும் பூட்டிக் கிடந்த வாசல்களும். அந்த ஆலையின் உற்பத்தியில் பெரும்பகுதியை வாங்கியது ஜெர்மனியின் கிக் நிறுவனம். பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 51.5 லட்சம் டாலர் கூடுதலாகத் தர அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது 2016இல்தான். குடும்பங்கள் ஜெர்மனியின் டார்ட்முண்ட் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, காலவரம்பு கடந்துவிட்டது என்று 2019இல் தள்ளுபடியானது.

மற்றோர் ஊர் டாக்காவை அடுத்த சாவார். ராணா பிளாசா கட்டடத்தில் 2013 ஏப்ரல் 23 அன்று விரிசல் கண்டது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வெளியேற்றியது. மேல்மாடிகளில் இருந்த ஐந்து ஆடை ஆலைகளின் தொழிலாளர்களோ மறுநாள் காலை வேலைக்குள் விரட்டப்பட்டார்கள். ஒரே கட்டடம், ஒரே விரிசல். வங்கி ஊழியருக்கு விடுமுறை, தையல்காரருக்குக் கப்பல் தேதி. காலை மின்சாரம் போய் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கிய சிறிது நேரத்தில் கட்டடம் சரிந்தது. 1,134 பேர் இறந்தார்கள். அந்த ஐந்தில் இரண்டு ஆலைகளில் அதற்கு முன்பே சமூகத் தணிக்கை நடந்திருந்தது. கட்டடத்தின் தூண் தாங்குமா என்பது அந்தத் தணிக்கையில் அடங்காது என்று பிறகு விளக்கம் சொன்னார்கள். வருகைப் பதிவேட்டையும் சம்பளத் தாளையும் பார்க்கப் போனவரிடம் தூணைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று கேட்பதில் பொருள் இல்லைதான். தூணைப் பார்க்க யாரையுமே அனுப்பவில்லை என்பதுதான் குற்றம். இறந்தவர்களின் குடும்பங்களுக்காகப் பிராண்டுகளிடம் நன்கொடையாகத் திரட்டப்பட்ட 3 கோடி டாலர் நிதி நிறைவடைய இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனது. நன்கொடை என்ற வகையில் கேட்டதால் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம் என்ற நிலை.

அந்த இடிபாட்டின்மேல் பிறந்த ஒன்றைத்தான், பிராண்டுகளுக்குப் பொறுப்பு உண்டா என்று கேட்கும் எல்லோருக்கும் நான் எடுத்துக் காட்டுவேன். 2013 மே மாதம் கையெழுத்தான வங்காளதேசப் பாதுகாப்பு உடன்படிக்கையை அந்தத் தொழிலில் 'அக்கார்டு' என்பார்கள். உலகத் தொழிற்சங்கங்கள் ஒருபுறமும், இருநூறுக்கும் மேற்பட்ட பிராண்டுகள் மறுபுறமும் கையெழுத்திட்ட, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அது. பொறியாளர்கள் ஆலைக்குள் போனார்கள். அறிக்கைகள் பொதுவில் வெளியாயின. பழுது பார்க்க மறுத்த ஆலையோடு எந்தப் பிராண்டும் வணிகம் வைத்துக்கொள்ளக் கூடாது. பழுது பார்க்கும் செலவு ஆலைக்குத் தாங்கும்படி பிராண்டு வழிசெய்ய வேண்டும். 2014க்குள் 1,106 ஆலைகளைப் பார்த்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குறைகளைக் கண்டார்கள். அந்தக் குறைகள் ஒரே இரவில் முளைத்தவை அல்ல. ஆண்டுக்கணக்காக ஆடிட்டர்கள் வந்துபோய்க்கொண்டிருந்த ஆலைகளில் கிடந்தவை. கையெழுத்திட்ட இரண்டு பிராண்டுகள் பழுதுநீக்கத்தில் தம் கடமையைச் செய்யவில்லை என்று தொழிற்சங்கங்கள் ஹேக் நகரின் நடுவர் மன்றம்வரை கொண்டுபோயின. அவற்றுள் ஒன்று 23 லட்சம் டாலர் தந்து 2018 ஜனவரியில் சமரசம் செய்துகொண்டது. கையெழுத்தும் நடுவர் மன்றமும் இருந்ததால்தான் அந்தப் பணம் வந்தது. இந்த ஏற்பாடு பின்னர் சர்வதேச அக்கார்டாகி, 2023 முதல் பாகிஸ்தானுக்கும் விரிந்திருக்கிறது. பர்மாவுக்கு வரவில்லை.

தமிழர்களாகிய நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு திண்டுக்கல். அங்கே ஓர் ஏற்றுமதி ஆலையில் வேலை செய்த இளம்பெண் 2021 ஜனவரியில் மேற்பார்வையாளரால் கொல்லப்பட்ட பிறகு, பெண்கள் தலைமை தாங்கும் ஒரு தமிழ்நாட்டுத் தொழிற்சங்கம், ஆசியக் கூட்டமைப்பொன்றோடும் அமெரிக்க அமைப்பொன்றோடும் சேர்ந்து 2022இல் ஆலை நிர்வாகத்தோடும் எச் அண்ட் எம் நிறுவனத்தோடும் ஒப்பந்தம் செய்தது, கேப், பி.வி.எச். நிறுவனங்களும் அதில் இணைந்தன. ஆலைத் தளத்திலேயே தொழிலாளர்களிலிருந்து கண்காணிப்பாளர்களைத் தேர்ந்து பயிற்சி அளித்து, அவர்கள் சொல்லும் குறையை நிர்வாகம் தீர்க்காவிட்டால் பிராண்டு ஆர்டர்மூலம் விளைவைக் காட்ட வேண்டும் என்பது அதன் உயிர்ப்பகுதி. ஆலையை விட்டு ஓடாமல், ஆர்டரை ஒரு பிடியாக வைத்து ஆலையைத் திருத்தலாம் என்பதற்கு நம் மொழி பேசும் பெண்களே வழி காட்டியிருக்கிறார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆனால் திண்டுக்கல்லில் சங்கம் இருந்தது. சாவாரிலும் சங்கம் உள்ளே போக வழி இருந்தது. நம் நிலைமை வேறு. 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு பல தொழிலாளர் அமைப்புகள் சட்டவிரோதம் என்று அறிவிக்கப்பட்டன. சங்கம் சேரும் உரிமையும் கட்டாய உழைப்புத் தடையும் இங்கே மீறப்படுகின்றன என்று உலகத் தொழிலாளர் அமைப்பின் விசாரணைக் குழு 2023 அக்டோபரில் அறிக்கை தந்தது. 2025 ஜூனில் அந்த அமைப்பு, பரிந்துரைகளை நிறைவேற்றாத நாட்டின்மேல் நடவடிக்கைக்கு இடம் தரும் தன் சாசனத்தின் 33ஆம் பிரிவின்கீழ் தீர்மானமும் நிறைவேற்றியது. இப்படிப்பட்ட இடத்தில் ஆடிட்டர் ஒருவர் வந்து, நிர்வாகம் தேர்ந்துகொடுத்த பத்துப் பேரிடம் மேலாளர் அறைக்கு அடுத்த அறையில் கேள்வி கேட்டுவிட்டுப் போவதை வைத்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று எந்தப் பிராண்டும் நம்பினால், அது நம்ப விரும்பியதால் நம்புவது. வெளியே சொல்லப் பயப்படும் இடத்தில் அதிகமாகவே தேடிப் பார்க்க வேண்டும் என்பதுதான் இத்தகைய நாடுகளுக்கு ஐக்கிய நாடுகளின் வணிக, மனித உரிமை வழிகாட்டு நெறிகள் கேட்பது.

பிராண்டு போய்விடுமோ என்ற உங்கள் பயம் வீண் பயம் அல்ல. பிரைமார்க்கும் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சரும் 2022இலும், இன்டிடெக்ஸும் எச் அண்ட் எம்மும் 2023இலும் பர்மாவிலிருந்து விலகுவதாக அறிவித்தன. விலகுவதா, நிற்பதா என்பதில் நேர்மையானவர்களே இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். இருக்கவேண்டிய ஒழுங்கைப் பற்றி மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை. நிற்கிற பிராண்டு, பர்மாவில் கூலி மலிவு என்ற லாபத்தை எடுத்துக்கொண்டே பர்மாவில் எதையும் சரிபார்க்க முடியவில்லை என்று கைவிரிக்கக் கூடாது. சொந்தப் பொறியாளரை அனுப்பிக் கதவையும் வயரிங்கையும் பார்க்க வேண்டும், அதற்கான செலவைக் கூலியில் சேர்த்துத் தர வேண்டும். விலகுகிற பிராண்டு, மாதக்கணக்கில் முன்னறிவிப்பு தந்து, தைத்து முடித்த சரக்குக்குப் பணம் முழுவதும் கொடுத்து, வேலை இழப்பவர்களுக்குப் பணிக்காலத்துக்கு ஏற்ற சட்டப்படியான இழப்பீடு கிடைத்ததா என்று பார்த்துவிட்டே போக வேண்டும். 2018இல் நாளுக்கு 4,800 கியாட் என்று வைத்த அடிப்படைக் கூலியின்மேல் பின்னர் படி மட்டுமே சேர்ந்த நாட்டில், ஒரு மாத இழப்பீடு குடும்பத்துக்கு அரிசியும் வாடகையும் ஆகும் என்பதை அவர்களுடைய அலுவலகத்தில் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

சட்டங்களும் மெல்ல அந்தப் பக்கம் நகர்கின்றன. பிரான்சு 2017இல் பெரிய நிறுவனங்களுக்கு, தம் சப்ளையர்களிடம் நேரும் தீங்குகளையும் முன்கூட்டிக் கண்டு தடுக்கும் கடமையை விதித்தது. ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆலைத் தொழிலாளியும் முறையிடக்கூடிய ஒரு வழியை நிறுவனம் வைத்திருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. ஐரோப்பிய ஒன்றியமும் 2024இல் ஒரு சட்டம் செய்து, பிறகு அதன் தேதியைத் தள்ளிவைத்திருக்கிறது. இவற்றை நம்பி நீங்கள் காத்திருக்க வேண்டாம். ஆனால் உங்கள் பிராண்டு எந்த நாட்டுடையது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் நீங்கள் அனுப்பும் ஒரு புகாரை அவர்கள் கிடப்பில் போட முடியுமா என்பது அதைப் பொறுத்தது.

புகார் செய்வதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் நிர்வாகத்திடம் பேசிப் பாருங்கள், தனியாக அல்ல. மற்ற லைன் சூப்பர்வைசர்கள் மூன்று நான்கு பேராவது சேர்ந்து போங்கள். முப்பது பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் இருக்க வேண்டிய பணியிட ஒருங்கிணைப்புக் குழு, நீங்கள் டபிள்யூ.சி.சி. என்று சொல்வது, உங்கள் ஆலையில் பெயருக்காவது இருந்தால் அதன் கூட்டத்திலேயே இதை எழுப்புவது பாதுகாப்பானது. கதவைத் திறந்தே போடுங்கள் என்று கேட்டால் திருட்டைச் சொல்லி மறுப்பார்கள். ஆகவே மாற்றையும் கையோடு கொண்டுபோங்கள். உள்ளிருந்து உடம்பால் தள்ளினாலே திறந்துகொண்டு அலாரம் அடிக்கும் பானிக் பார் என்ற இரும்புப் பட்டை இருக்கிறது. வெளியிலிருந்து அதைத் திறக்க முடியாது. அதற்கும் பணமில்லை என்றால், பூட்டை எடுத்துவிட்டு எண் அச்சிட்ட மெல்லிய பிளாஸ்டிக் சீல் ஒன்றைக் கதவில் மாட்டச் சொல்லுங்கள். கையால் இழுத்தால் அறுந்துவிடும், யாராவது திறந்திருந்தால் அறுந்த சீல் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு செக்யூரிட்டியைக் கதவருகே நிறுத்துவதைவிட அது மலிவு. சோதனை போட வேண்டுமானால் படிக்கட்டு இறங்கித் திறந்த வெளிக்கு வந்த பிறகு, கேட்டில் போடட்டும்.

பேசியும் கதவு பூட்டியே இருந்தால் பிராண்டுக்குச் சொல்லுங்கள். பெரிய பிராண்டுகளின் புகார் எண்ணோ செயலியின் பெயரோ அநேகமாக உங்கள் அறிவிப்புப் பலகையில் பர்மிய மொழியில் ஒட்டியிருக்கும். ஆலைக்குள் இருந்தோ, ஆலையின் வைஃபையிலோ, ஆலைக்கு ஆள் ஏற்றிவரும் ஃபெரி வண்டியில் உட்கார்ந்துகொண்டோ அழைக்காதீர்கள். கருத்தைச் சொல்லாமல் விவரத்தைச் சொல்லுங்கள்: எந்த மாடி, எந்தக் கதவு, எந்த மணியிலிருந்து எந்த மணிவரை பூட்டப்படுகிறது, அந்த நேரத்தில் மாடியில் எத்தனை பேர். நீங்கள் இப்போது தைக்கும் ஆர்டரின் ஸ்டைல் எண்ணைச் சேர்த்தால் எந்த ஆலை என்று அவர்களால் உடனே கண்டுகொள்ள முடியும். பெயரை வெளியிட வேண்டாம் என்றும், ஆலையோடு பேசித் திருத்துங்கள், ஆர்டரை நிறுத்தாதீர்கள் என்றும் வெளிப்படையாகவே கேளுங்கள். தொழிலாளர்களே இப்படிக் கேட்டார்கள் என்பது பிராண்டுக்குள் நல்லெண்ணம் கொண்டவர்களுக்கு ஒரு பிடிமானமாக இருக்கும். பல பிராண்டுகள் தம் சப்ளையர் பட்டியலை இணையத்தில் வெளியிடுகின்றன, ஓப்பன் சப்ளை ஹப் என்ற பொதுத் தளத்திலும் தேடலாம். உங்கள் ஆலையின் பெயர் அதில் இல்லாவிட்டால், வேறோர் ஆலை வாங்கிய ஆர்டரைச் சொல்லாமல் உங்களிடம் உள்ஒப்பந்தத்துக்குத் தந்திருக்கலாம். அதையும் புகாரில் குறிப்பிடுங்கள்.

ஃபேஸ்புக்கில் எழுதாதீர்கள். பூட்டிய கதவைப் படமெடுத்துக் குழுவில் அனுப்பாதீர்கள். இன்றைய சூழலில் அது உங்களை வேலையைவிடப் பெரிய ஆபத்தில் மாட்டிவிடலாம். ஆடிட்டர் உங்களை நேரே கேட்டால் பொய் சொல்ல வேண்டாம். ஆனால் அடுத்த அறையில் ஆள் இருக்கும்போது எல்லாவற்றையும் சொல்லிவிடவும் வேண்டியதில்லை. "பின்படிக்கட்டு வழியாக என்னோடு ஒருமுறை இறங்கி வாருங்கள், மதியம் இரண்டு மணிக்கு மேல் வாருங்கள்" என்று அழைத்தாலே, தொழில் தெரிந்த ஆடிட்டருக்குப் புரிந்துவிடும். புரிந்துகொள்ள மறுப்பவரிடம் சொல்லியும் பயனில்லை. அவரை விட்டுவிட்டுப் புகார் எண்ணை நாடுங்கள்.

கட்டடத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன். 2025 மார்ச் 28 அன்று மண்டலேயையும் சகாயிங்கையும் சிதைத்த நிலநடுக்கத்துக்குப் பிறகு உங்கள் ஆலையின் தூண்களை யாராவது வந்து பார்த்தார்களா? சகாயிங் பிளவு பகோ வழியாகத் தெற்கே இறங்குகிறது; 1930 மே மாதம் பகோ நகரை அழித்த நிலநடுக்கமும் அதனால் வந்ததே. தூணிலோ உத்திரத்திலோ கோணலாக ஓடும் விரிசல், மூடும்போது உரசும் கதவு, ஜெனரேட்டர் ஓடும்போது அதிரும் தரை ஆகியவற்றை நீங்கள் கண்டால் அதையும் கதவோடு சேர்த்தே சொல்லுங்கள். சுவர்ப்பூச்சில் முடிபோல் ஓடும் கோடுகளை வைத்துப் பதற வேண்டாம். தூணில் இருப்பவைதான் முக்கியம்.

கடைசியாக, உங்கள் லைனில் உள்ள ஒவ்வொருவருக்கும், உங்கள் சித்தி மகள் உட்பட, எஸ்.எஸ்.பி. எனப்படும் சமூகப் பாதுகாப்பு வாரியத்தின் அட்டை இருக்கிறதா என்று இந்த வாரமே விசாரியுங்கள். 2012ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி தொழிலாளியின் சம்பளத்தில் 2 விழுக்காடும், முதலாளியிடமிருந்து 3 விழுக்காடும் அதற்குச் செல்ல வேண்டும். வேலையில் அடிபட்டால் மருத்துவமும் படியும் அதிலிருந்துதான் வரும். சம்பளத்தில் பிடித்துவிட்டு அட்டை தராமல் இருக்கும் ஆலைகள் உண்டு. தினக்கூலி என்ற பெயரில் புதிதாகச் சேர்த்தவர்களைப் பட்டியலிலிருந்தே விட்டுவிடுவதும் உண்டு. அட்டை இல்லாதவர்களின் பெயரைக் குறித்து முதலில் மனிதவளப் பிரிவில் கொடுங்கள். பதில் வராவிட்டால் அந்தப் பட்டியலோடு டவுன்ஷிப் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போகலாம். கதவைப் பற்றி நிர்வாகம் என்ன சொல்கிறது என்று எனக்கு எழுதுங்கள். பானிக் பார் பொருத்த உங்கள் கதவின் அகலமும், அது எந்தப் பக்கம் திறக்கிறது என்பதும் தெரிந்தால், நிர்வாகத்திடம் கொடுக்க ஒரு வரைபடமும் மதிப்பீடும் நானே தயாரித்து அனுப்புகிறேன். அதற்குக் கட்டணம் ஏதும் வேண்டாம்.